அய்யா வாங்கிக் கொடுத்த ஃபவுல்

மதுரையில் படித்த நான்கு வருஷமும் நான் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடினேன். அந்த நான்கு வருஷத்தில் ஒரு கூடைகூடப் போட்டதில்லை. இதை வெட்கப்பட்டுச் சொல்வதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் சொல்கிறேன்.

நான் கார்டு. காவல்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்து நடு வட்டத்துக்குப் போகும். ரெஃபரி மேலே தூக்கிப் போட, இரண்டு நெட்டையர்கள் எம்பித் தட்டுவார்கள். ஃபார்வர்டுகள் எதிராளியின் கூடையைப் பார்த்து ஓடுவார்கள். கார்டுகள் இரண்டு பேரும் எங்கள் கூடைக்குக் கீழேயே நிற்போம். வருகிறவனை மறிக்க வேண்டும், பந்தைப் பறித்து நம்மாளிடம் தள்ள வேண்டும். இடித்தால் ஃபவுல், பிடித்தால் ஃபவுல், நான்கு ஃபவுல் ஆனால் வெளியே போய் உட்கார வேண்டும். கையைக் கட்டிப்போட்டுவிட்டுத் திருடனைப் பிடி என்று சொல்கிற வேலை அது. ஆட்டம் முடிந்ததும் கூடை போட்டவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். கார்டு தன் சட்டையைத் தானே தேடி எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு நடப்பான்.

என்னைக் கார்டாகப் போட்டதற்குக் காரணம், எனக்குக் குறி பார்த்து எறிய வராது. உயரமும் கிடையாது. ஆனால் முதல் நாளே என்னைத் தாண்டிப் போக ஒருவனாலும் முடியவில்லை. இந்த வித்தையை எங்கே கற்றாய் என்று டிரில் மாஸ்டர் கேட்டார். மானகிரியில் எங்கள் களத்தில் நெல் காயும்போது மாடு விரட்டினேன் என்றேன். அவர் சிரித்தார். நான் உண்மையைத்தான் சொன்னேன். நெல்லில் வாய் வைக்க வருகிற மாடு தலையை வலப்பக்கம் ஆட்டிவிட்டு இடப்பக்கம் பாயும். தலையைப் பார்க்கிறவன் ஏமாந்துபோவான். எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பதை இடுப்புதான் சொல்லும். எங்களோடு ஆட வருகிற மெட்ராஸ் பிள்ளைகளும் அப்படித்தான். கண்ணால் ஒரு பக்கம் காட்டுவார்கள், இடுப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கள் அய்யாவுக்கு இதெல்லாம் ஆகாது. பெற்ற தகப்பனை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். உழுது பிழைக்கிற, கையெழுத்துப் போடத் தெரியாத சம்சாரி. மகன் தாலுகா கச்சேரியில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்பதற்காக என்னை மதுரைக்கு அனுப்பியவர். நான் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது என் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்துவிட்டு விசாரித்தார். பந்து விளையாட்டு என்றேன்.

"எத்தனை போட்டே?"

"நான் போடுறதில்ல அய்யா. மத்தவன் போடாம மறிக்கிறது."

என் முழங்காலை விட்டுவிட்டு எழுந்தார். "அதை இங்கன களத்துலயே செஞ்சுக்கிட்டுத்தானடா இருந்தே. அதுக்கா மதுரை வரைக்கும் போனே?"

அதற்குப் பிறகு பந்தைப் பற்றி அவர் பேசியதே இல்லை. நான் பேச்செடுத்தால் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விடுவார். என் அணியில் என்னை மெச்சாதவர்கள் இல்லை. அந்த ஒரு மனிதர் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு ஆசை கிடந்து அரித்துக்கொண்டே இருந்தது. கேட்க வாய் வரவில்லை.

நான்காவது வருஷம் நாங்கள் கோப்பைக்கான கடைசி ஆட்டத்துக்குத் தேறினோம். எதிரே மெட்ராஸ் கல்லூரி ஒன்று. அவர்களிடம் ஓர் இடதுகை ஃபார்வர்டு இருந்தான். அவன் எறிந்தால் பந்து வளையத்தைத் தொடாமல் இறங்கும். அவனை நீ பார்த்துக்கொள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கேப்டன் என்னிடம் சொல்லிவிட்டான். எங்கள் திட்டமே அவ்வளவுதான்.

அந்த வாரம் என் அக்கா வீட்டு அத்தான் வெற்றிலை பாக்குத் தட்டோடு ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றார். அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. நாள் குறித்தாகிவிட்டது. எந்த நாள் என்று கேட்டேன். கடைசி ஆட்டம் நடக்கிற அதே நாள்.

எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்குக் காது குத்துவது கிடையாது. அக்காவுக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். அவள் கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து, போகிறவர் வருகிறவர் பேச்சையெல்லாம் கேட்டுப் பெற்ற பிள்ளை அது. அன்றைக்கு நான் போகாவிட்டால், பிறந்த வீட்டு மடி வரவில்லையாம் என்று ஊர் அவளைச் சாகும்வரை சொல்லிக் காட்டும். நான் போனால் இடதுகைக்காரனை மறிக்க ஆள் கிடையாது. அடுத்த பஸ்ஸில் ஏறி ஊருக்குப் போனேன்.

நாளை மாற்ற முடியுமா என்று அய்யாவிடம் கேட்டேன். மூக்கணாங்கயிறு திரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நாளு குறிச்சது குறிச்சதுதான். வர முடியலைன்னா அங்கனயே இரு. இருந்து அந்தப் பந்துக்குக் காது குத்து."

உள்ளே அக்கா பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கையைக்கூடக் கழுவாமல் வெளியே வந்தாள். கோபம் வந்தால் அவளுக்குக் குரல் தணிந்துவிடும்.

"அய்யா, நீங்க என்ன பேசுறீக? நம்ம ஊருக் கருப்பரு கோயிலு எங்குட்டு இருந்து வந்துச்சு? அழகர்மலையில இருந்து பிடிமண்ணு எடுத்தாந்து கட்டுனதுதான? நாள மாத்த வேணாம். மண்ணு எடுத்த எடத்துக்கே போவோம். அங்கன இருந்து மதுரை பக்கம். தம்பி மடி இங்குட்டு வர முடியலைன்னா, எம்புள்ள அங்குட்டுப் போகட்டும்."

அய்யா கயிற்றைக் கீழே வைத்தார். தாய்க்கோயிலுக்குப் போகலாம் என்று மகள் சொல்லும்போது மறுத்துப் பேச எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்? அத்தான் வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். சொந்தபந்தம் அத்தனையும் கூண்டு வண்டிகளில் சட்டி பானையோடு அழகர்கோவிலுக்குக் கிளம்பியது.

நான் ஹாஸ்டல் நண்பனின் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு முந்தின நாள் சாயந்தரமே அங்கே போய்ச் சேர்ந்தேன். விடிந்ததும் பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி, பதினெட்டாம்படிக் கருப்பர் கதவுக்கு முன்னால் என் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததுதான் தாமதம், பயல் துள்ளிய துள்ளல் இருக்கிறதே, எந்த ஃபார்வர்டும் என்னிடம் அப்படித் துள்ளியதில்லை. ஆட்டத்தில் பிடித்தால்தான் ஃபவுல். கருப்பர் முன்னால் பிடிக்காவிட்டால்தான் குற்றம். பிடித்தேன். இரண்டு காதிலும் துளை நேராக விழுந்தது. "மாமன் பிடின்னா இது பிடி" என்று ஆசாரி சொன்னதை அத்தான் வீட்டார் எல்லோரும் கேட்டார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவளை இனி ஒருவரும் ஒன்றும் சொல்ல முடியாது.

கறிச்சோற்றுக்குக்கூட உட்காராமல் சைக்கிளை எடுத்தேன். பின்னாலிருந்து அக்கா கத்தினாள்: "நீ போ தம்பி, நாங்க வண்டியக் கட்டிக்கிட்டு வாரோம்!" சும்மா சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஆட்டம் தொடங்கியது. வெறுங்கால், செம்மண் தரை, வார் போட்டுக் கட்டிய தோல் பந்து. இடதுகைக்காரனை நான் விடவில்லை. அவன் தண்ணீர் குடிக்கப் போனாலும் இரண்டடி தள்ளி நின்றேன். முதல் பாதியில் அவன் எறிந்ததெல்லாம் என் கைக்கு மேலாகப் போகப் பார்த்து வளையத்துக்கு இப்பால் விழுந்தது. இரண்டாம் பாதியில் அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் வந்த ஃபார்வர்டு கார்டுக்கு விருந்து. ஆனால் அவனை மறிப்பதில் நாங்கள் குறியாக இருந்ததால் அவர்கள் அணியில் மற்றவர்கள் போட்டுக்கொண்டே வந்தார்கள். ஆட்டம் முடியச் சற்று நேரமே இருந்தபோது நாங்கள் ஒரே ஒரு புள்ளிதான் முன்னால் இருந்தோம்.

அப்போதுதான் மைதானத்து ஓரத்தில் மாட்டுச் சலங்கைச் சத்தம் கேட்டது. பார்த்தால் எங்கள் கூண்டு வண்டிகள். அக்கா இடுப்பில் சந்தன மொட்டையோடு பிள்ளை. அத்தைமார், அத்தான், சமையலுக்கு வந்தவர் உட்பட எல்லோரும் இறங்கிக் கோட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றார்கள். எல்லோருக்கும் முன்னால் அய்யா. காலையில் சம்பந்தி வீட்டார் போர்த்திய புதுச் சிவப்புக்கரைத் துண்டு தோளில் கிடந்தது.

எனக்கு எங்கிருந்து அந்தப் பலம் வந்தது என்று தெரியவில்லை. இடதுகைக்காரன் பந்தைத் தட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தான். கண் வலப்பக்கம் போனது. இடுப்பு போகவில்லை. பந்து தரையிலிருந்து எழும்பி அவன் கைக்குப் போவதற்குள் என் கையில் இருந்தது. அவனைத் தொடவே இல்லை. கூட்டம் ஓவென்று கத்தியது.

எங்கள் பக்கத்து மஞ்சுவிரட்டில் ஒருவன் மாட்டைத் திமிலோடு அணைத்துப் பிடித்து நின்றுவிட்டால், அந்த இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே அவனுக்குத் துண்டு போடுவார்கள். அப்புறம் வா, மேடையில் தருகிறோம் என்ற பேச்செல்லாம் அங்கே கிடையாது. அய்யாவுக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு அதுதான். மகன் பிடித்துவிட்டான், விளையாட்டு முடிந்தது என்று அவர் கணக்குப் பண்ணிவிட்டார். சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, ஓடுகிற ஆட்டக்காரர்களுக்கு நடுவே, கண்மாய்க் கரையில் நடக்கிற மாதிரி நிதானமாக நடந்து வந்து, தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி என் கழுத்தில் போட்டார்.

விசில் அலறியது. ஆட்டம் நின்றது. வெளியாள் உள்ளே வந்ததற்காக எங்கள் அணிமேல் டெக்னிகல் ஃபவுல். எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, யாரும் மறிக்காமல் எறியலாம், விழுந்தால் ஒரு புள்ளி. எங்கள் முன்னிலை அந்த ஒரு புள்ளிதான். கேப்டன் தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"யாருடா இந்த ஆளு? வெளியே போகச் சொல்லுடா!"

மைதானம் முழுவதும் எங்களைப் பார்த்தது. அய்யாவுக்கு ஒன்றும் புரியவில்லை. எதையோ கெடுத்துவிட்டோம் என்பது மட்டும் தெரிந்து, துண்டைத் திரும்ப எடுக்கக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பார்த்தேன். பந்து என்றால் எழுந்து போகிறவர், இத்தனை பேருக்கு நடுவில், தனக்குப் போர்த்திய மரியாதையை எனக்குப் போட நடந்து வந்திருக்கிறார்.

"எங்க அய்யா" என்றேன். கேப்டனுக்காகச் சொல்லவில்லை, மைதானத்துக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். "என்னைப் பெத்தவர்!"

கேப்டன் ஒதுங்கி வழிவிட்டான். நான் அய்யாவைக் கைப்பிடித்துக் கோட்டுக்கு வெளியே கொண்டுபோய் அக்கா பக்கத்தில் நிறுத்தி, துண்டை அவர் கையில் கொடுத்தேன். "செத்த நேரம் வச்சிருங்க அய்யா. இன்னும் முடியல."

ஃப்ரீ த்ரோவை இடதுகைக்காரன் எறிந்தான். விழுந்தது. சமம். அன்றைக்கு அவன் எடுத்த ஒரே புள்ளி அதுதான். அதையும் எங்கள் அய்யாதான் கொடுத்தார், நான் கொடுக்கவில்லை. இதை இன்றைக்கும் யாரிடமும் சொல்லத் தயங்குவதில்லை.

நடு வட்டத்தில் பந்து மேலே போனது. அவர்களுடைய நெட்டையன் தட்ட, அது மறுபடியும் இடதுகைக்காரனிடமே போனது. கடைசி வாய்ப்பு என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்தத் தடவை கண்ணாலும் ஏமாற்றவில்லை, இடுப்பாலும் ஏமாற்றவில்லை. நேராக என் மேலே எம்பினான். நானும் எம்பினேன். என் விரல் நுனியில் பந்து உரசியது. அவ்வளவு போதும். வளையத்துக்கு முன்னாலேயே இறங்கிய பந்தை எடுத்துக் கேப்டனுக்கு நீளமாகத் தள்ளினேன். அவன் முன்னால் ஒருவரும் இல்லை. போட்டான். மறுபடி நடு வட்டத்துக்குப் போவதற்குள் கடைசி விசில் ஊதிவிட்டது.

கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வழக்கம்போலச் சட்டையைத் தேடினேன். சின்ன அத்தை வந்து முகவாயைப் பிடித்துக்கொண்டு, "நம்ம புள்ள எத்தனையப்பா போட்டே?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அய்யா குறுக்கே பேசினார்.

"அவன் போட வரலத்தா. விடாம நிக்க வந்தான். அந்த எடக்கைப் பய இவனைத் தாண்டி ஒண்ணாச்சும் போட்டானா, பாத்தியா?"

என் நான்கு வருஷத்துக்கு வேறு எந்தக் கோப்பையும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அய்யா அதோடு நிற்கவில்லை. கால்சட்டை போட்டிருந்த ரெஃபரியிடம் போய்த் துண்டைக் காட்டி, "தொரை, இப்பப் போடலாங்களா?" என்று கேட்டார். ரெஃபரியும் நம்மூர்க்காரர்தான். தாராளமாகப் போடுங்கள் என்றார். இரண்டாம் தடவையாக அந்தத் துண்டு என் கழுத்தில் விழுந்தது.

பி.ஏ. தேறியபின் தாலுகா கச்சேரிக்கு நான் மனுப் போடவில்லை. கோட்டையூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராகச் சேர்ந்தேன். சொந்தக்காரர்கள், இவ்வளவு படித்துவிட்டுப் பிள்ளைகளுக்குக் கையைத் தூக்கு, காலைத் தூக்கு என்று சொல்கிறானே என்று சிரித்தார்கள். அய்யா சிரிக்கவில்லை. கூடைப்பந்துக்குத் தரை வேண்டும், இந்தச் சரளை மண்ணில் பந்து எழும்பாது என்று சொன்னபோது, ஏர்மாட்டையும் மண்ணைச் சமப்படுத்துகிற பரம்புப் பலகையையும் ஓட்டிக்கொண்டு அவரே வந்துவிட்டார். கண்மாய் வண்டலை வண்டி வண்டியாக அடித்துப் பரப்பி, தண்ணீர் விட்டு மிதித்து, கட்டையால் தட்டி, சாணம் மெழுகி, நெற்களம் மாதிரியே போட்டுக் கொடுத்தார். பந்து அப்படி எழும்பியது. எங்கள் பையன்கள் வழுக்காமல் ஓடினார்கள்.

ஒரே ஒரு சங்கடம். அது நெற்களம் மாதிரி இல்லை, நெற்களமேதான் என்று சுற்றியிருந்த சம்சாரிகள் நினைத்துவிட்டார்கள். தை மாதம் ஒருநாள் பள்ளிக்கூடத்துக்குப் போனால் கோட்டுக்குக் கோடு நெல் காய்கிறது, கூடைக் கம்பத்தில் கன்றுக்குட்டி கட்டியிருக்கிறது. நான் எரிந்து விழுந்தேன். அய்யாதான் போய் ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்தார்: "அது பந்துக்களம்ப்பா. எம்மகன் களம்."

அந்தக் களத்தில் அவர் ஒரு ஆட்டத்தையும் தவற விட்டதில்லை. வேப்பமரத்தடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். புள்ளியைச் சுள்ளியால் தரையில் கீறிக்கொள்வார். எவனாவது பந்தைத் தட்டாமல் கையில் பிடித்தபடி நடந்தால் நான் ஊதுவதற்கு முன்னால் அங்கிருந்து அவர் கனைப்பார்.

காதுகுத்தின பயல் வளர்ந்து எங்கள் பள்ளிக்கூடத்துக்கே படிக்க வந்தான். அக்கா அவனை என் வீட்டில் விட்டிருந்தாள். அவனும் கார்டுதான். அவனை நான் கார்டாகப் போடவில்லை, அவனாகவே போய் அங்கே நின்றான். பள்ளத்தூர்ப் பிள்ளைகள் எங்களோடு ஆட வந்த அன்று விதி தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பதால் இரண்டு பக்கமும் சேர்ந்து என்னையே ரெஃபரியாக இருக்கச் சொன்னார்கள். சொந்த அக்கா மகன் ஆடுகிறான் என்று வழக்கத்தைவிடக் கண்டிப்பாகவே ஊதிக்கொண்டிருந்தேன். அவன்மேலேயே இரண்டு ஃபவுல் கொடுத்தேன்.

கடைசிக் கட்டத்தில் பள்ளத்தூர்ப் பையன் ஒருவன் பாய்ந்து வந்தான். பயல் அசையாமல் நின்றான். அவன் இடுப்பைத்தான் பார்க்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. பந்து கை மாறியது. தொடவே இல்லை.

வேப்பமரத்தடியில் அய்யா எழுந்தார். வயசாகி முதுகு வளைந்துவிட்டிருந்தது. தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு, கோட்டருகே வந்து ஒரு நிமிஷம் நின்றார். கோட்டைத் தாண்டினால் ஃபவுல் என்பதை மறந்துவிட்டாரோ என்று பார்த்தேன். என்னை நேராகப் பார்த்தார். பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டினார். நிதானமாக நடந்து போய்ப் பேரன் கழுத்தில் துண்டைப் போட்டார்.

நான் ஊதினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக ஊதியதில்லை.

"டெக்னிகல் ஃபவுல்!" என்று கையைத் தூக்கினேன். பள்ளத்தூர் அணிக்கு ஃப்ரீ த்ரோ கொடுத்தேன். அய்யா பக்கத்தில் போய், "என்னய்யா இது, தெரிஞ்சுக்கிட்டே வாரீகளே?" என்று தாழ்ந்த குரலில் கேட்டேன்.

"நாலு புள்ளி கூட இருக்கோம்ல" என்றார் அவர். "கணக்குப் பாத்துத்தான் வந்தேன். ஒண்ணு போனாப் போகுது. நீ ஊதுறத ஊது."

எதிரணிக் கேப்டன் எங்கள் பயலிடம், "யாருடா இந்தத் தாத்தா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. பயல் துண்டைச் சரிசெய்துகொண்டு, களம் முழுவதும் கேட்கிற மாதிரி சொன்னான்:

"துண்டு போட்டவரு எங்க தாத்தா. ஃபவுலு ஊதுனவரு எங்க மாமா."

ஃப்ரீ த்ரோ விழுந்தது. பந்தை எடுத்துக்கொண்டு நடு வட்டத்துக்குப் போனேன். அய்யா மரத்தடிக்குத் திரும்பிப் போய், சுள்ளியை எடுத்து, பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு கோடு கீறினார்.